விறைப்பு எங்கே, நெகிழ்வு எங்கே? ஒட்டிப் பிரியும் திசைசார் ஒட்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

பல்லியின் விரலடியில் இருக்கும் நுண்முடிகள் பீட்டா கெரட்டினால் ஆனவை. பறவையின் அலகிலும் பாம்பின் செதிலிலும் இருப்பது இதே வகைப் புரதம்தான். அதன் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், சுமார் 1.5 கிகாபாஸ்கல்; கெட்டியான பிளாஸ்டிக்குக்கு ஈடான விறைப்பு. ஒட்டுநாடாத் துறையிலோ நெடுங்காலமாக ஒரு வரம்பு சொல்லப்படுகிறது: யங் குணகம் சுமார் 100 கிலோபாஸ்கலைத் தாண்டிய பொருள், தொட்ட மாத்திரத்தில் ஒட்டாது. 1960களில் த்ரீ எம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் வகுத்த வரம்பு இது. கெரட்டின் அதைவிட 15,000 மடங்கு விறைப்பானது. இருந்தும் பல்லி கண்ணாடியில் ஏறுகிறது; அடுத்த அடிக்காகப் பாதத்தை எடுக்கும்போது எந்தச் சிரமமும் இல்லாமல் எடுத்துவிடுகிறது.

இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் ஒட்டி செய்யத் தொடங்குபவர்கள் எல்லாரும் ஒரே வழியில் போகிறார்கள். ஒட்டவில்லையென்றால் இன்னும் மென்மையான ரப்பரைத் தேடுகிறார்கள். அதுவும் ஒட்டாவிட்டால் அதைவிட மென்மையானது. கடைசியில் கையில் மிஞ்சுவது தூசியை வாரிக்கொள்ளும், பிரிக்க முடியாத, திசையறியாத ஒரு பிசின். ஒரு திசையில் இழுத்தால் ஒட்டி, இழுவையை விட்டால் பிரிவது திசைசார் ஒட்டி. அதில் விறைப்பை நான்கு இடங்களில் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும்: முனை, தண்டு, தண்டுகளைத் தாங்கும் படலம், சுமையைப் பகிரும் இணைப்பு. இவற்றில் சில நெகிழ வேண்டும், சில அசையவே கூடாது. கீழே உள்ள படிகள் அந்தத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக எடுப்பதற்கானவை. பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் வசதிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: சுமையின் திசையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

2000ஆம் ஆண்டில் கெல்லர் ஆட்டமும் அவருடைய குழுவினரும் டோக்கே என்னும் வகைப் பல்லியின் ஒரே ஒரு முடியின் விசையை அளந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். முடியைப் பரப்பில் அழுத்தினால் மட்டும் அது சரியாக ஒட்டவில்லை. அழுத்தியபின் சுமார் 5 மைக்ரோமீட்டர் பக்கவாட்டில் இழுத்தபோது ஏறக்குறைய 200 மைக்ரோநியூட்டன் விசையைத் தாங்கியது. முடிக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் சுமார் 30 டிகிரியைத் தாண்டியதும் தானாகவே விட்டுவிட்டது.

2006இல் இதே குழு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் கட்கோஸ்கி குழுவினருடன் சேர்ந்து இதை ஓர் எளிய விதியாக்கியது. பரப்பிலிருந்து வெளியே இழுக்கும் விசை எவ்வளவு வரை தாங்கும் என்றால், பக்கவாட்டு இழுவிசையை, முடி தானாக விட்டுவிடும் அந்த வரம்புக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கிய அளவு வரை. வரம்புக் கோணம் 30 டிகிரி, பக்கவாட்டு இழுவிசை 10 நியூட்டன் என்றால், வெளிநோக்கிய தாங்குதிறன் 5.8 நியூட்டன். பக்கவாட்டு இழுவிசையைப் பூச்சியமாக்கினால் தாங்குதிறனும் பூச்சியம். ஒட்டுவதற்கும் விடுவதற்குமான சூட்சுமம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆகவே முதல் வேலையாகத் தாளில் எழுத வேண்டியவை: சுமை எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு இழுக்கும், வெளிநோக்கிய விசை அதில் எத்தனை பங்கு, பரப்பு எவ்வளவு வழவழப்பானது. பக்கவாட்டுச் சுமையே இல்லாத வேலைக்கு, உதாரணமாகக் கூரையிலிருந்து நேர்கீழாகத் தொங்கும் பொருளுக்கு, ஒற்றை ஒட்டித்துண்டு உதவாது. எதிரெதிர்த் திசையில் இரண்டு துண்டுகளை வைத்து ஒன்றையொன்று நோக்கி உள்ளிழுத்தாக வேண்டும்.

படி 2: பொருளின் விறைப்பை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

உற்பத்தியாளர் தாளில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சில்கார்டு 184 சிலிக்கோனை எடுத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற வழக்கமான கலவையிலேயே, அறைவெப்பத்தில் கெட்டிப்படுத்தினால் யங் குணகம் 1.3 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். 200 டிகிரி செல்சியஸில் கெட்டிப்படுத்தினால் 3 மெகாபாஸ்கலை நெருங்கும். ஒரே டப்பா, ஒரே கலவை, இரண்டு மடங்குக்கும் மேலான வேறுபாடு.

அளக்க ஒரு தராசு எடையும் ஸ்கேலும் போதும். ஒட்டிக்காகக் கலந்த அதே கலவையில் 10 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு பட்டையை வார்த்து, ஒட்டியை வைக்கும் அதே அடுப்பில் அதே நேரம் வைத்தெடுங்கள். பட்டையில் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, 100 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். தகைவு, அதாவது குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்த விசை, 49 கிலோபாஸ்கல். கோடுகளுக்கு இடையிலான தூரம் 1.2 மில்லிமீட்டர் கூடினால் திரிபு, அதாவது நீட்சியை முதல் நீளத்தால் வகுத்த எண், 0.024; யங் குணகம் ஏறத்தாழ 2 மெகாபாஸ்கல். நீட்சி சிறிது என்பதால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி அளப்பது நல்லது.

ஷோர் ஏ கடினமானி கிடைத்தால் விரைவான சரிபார்ப்புக்கு உதவும். கடினத்தையும் யங் குணகத்தையும் இணைத்து ரப்பர் ஆய்வாளர் ஜென்ட் தந்த தொடர்பின்படி ஷோர் ஏ 20 சுமார் 0.7 மெகாபாஸ்கல், 45 சுமார் 2, 70 சுமார் 5.5. ஷோர் ஏ 20க்கும் கீழே அந்தக் கருவியின் அளவு நம்பத்தக்கதல்ல.

படி 3: தண்டின் வடிவத்தால் விறைப்பைக் குறையுங்கள்

பல்லியின் தந்திரம் முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஓர் ஈர்க்கு விறைப்பானது. ஈர்க்குகளைக் கட்டிய துடைப்பமோ தரையின் மேடுபள்ளத்துக்கெல்லாம் வளைந்துகொடுக்கிறது. பொருளின் விறைப்பு வேறு, அதனாலான முடிகள் வரிசையாக நிற்கும் அணியின் விறைப்பு வேறு. இரண்டாவதைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒவ்வொரு முடியையும் ஒரு முனை பதிக்கப்பட்ட சாய்ந்த சட்டமாகக் கருதுங்கள். யங் குணகம், குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன், ஒரு சதுர மீட்டரில் உள்ள முடிகளின் எண்ணிக்கை, சாய்கோணத்தின் சைன் ஆகிய நான்கையும் பெருக்கி, மூன்றால் பெருக்கவும். அதை, நீளத்தின் வர்க்கத்தையும் சாய்கோணக் கொசைனின் வர்க்கத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்கவும். உராய்வை இங்கே ஒதுக்கிவைக்கிறோம்.

டோக்கே பல்லியின் எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஆரம் 2.1 மைக்ரோமீட்டர், நீளம் 110 மைக்ரோமீட்டர், சதுர மில்லிமீட்டருக்கு 14,400 முடிகள், பரப்போடு 43 டிகிரி சாய்வு, யங் குணகம் 1.5 கிகாபாஸ்கல். விடை ஏறக்குறைய 104 கிலோபாஸ்கல். முடி அணிகளைத் தனியே பிரித்து 2006இல் அளந்தபோது கிடைத்ததும் 85 கிலோபாஸ்கலை ஒட்டிய அளவுதான். டால்குவிஸ்ட் வரம்பு எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கே வந்து நிற்கிறது பல்லியின் பாதம். கெட்டியான பொருளை வெறும் வடிவத்தாலேயே 15,000 மடங்கு நெகிழ வைத்திருக்கிறது இயற்கை. எத்தனை முறை கணக்கிட்டாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இனி உங்கள் பொருளுக்கு வருவோம். அதே வடிவத்தை 2 மெகாபாஸ்கல் சிலிக்கோனில் செய்தால் அணியின் விறைப்பு 0.14 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும். அந்த முடிகள் நிற்காது. பக்கத்து முடிகளோடு ஒட்டிச் சடைபிடிக்கும். 2003இல் ஆந்த்ரே கெய்ம் குழு மான்செஸ்டரில் செய்த புகழ்பெற்ற பாலிஇமைடு ஒட்டுநாடாவிலும் சில முறை பயன்படுத்தியபின் முடிகள் இப்படிக் கற்றையாகிச் செயலிழந்தன. சடைபிடிக்காமல் இருக்க அனுமதிக்கத்தக்க நீளம், யங் குணகத்தின் நான்காம் மூலத்தைப் பொறுத்தே வளர்கிறது. விறைப்பை இரட்டிப்பாக்கினாலும் நீளத்தை 19 விழுக்காடு மட்டுமே கூட்ட முடியும். தடிமனைக் கூட்டுவதும் இடைவெளியை அகலமாக்குவதும் இதைவிட நல்ல பலன் தரும்.

அதனால்தான் சிலிக்கோனுக்குக் குட்டையான, அடிபருத்த ஆப்பு வடிவம் பொருந்துகிறது. ஸ்டான்ஃபோர்டில் ஆரன் பார்னஸ் குழு 2009இல் வெளியிட்ட வடிவத்தில் ஆப்பின் அடி 20 மைக்ரோமீட்டர், உயரம் சுமார் 80. சும்மா இருக்கும்போது கூர்முனைகள் மட்டுமே பரப்பைத் தொடும், ஒட்டாது. பக்கவாட்டில் இழுத்தால் ஆப்பு வளைந்து, அதன் பக்கச்சுவர் பரப்பின்மேல் படியும். தொடுபரப்பு இழுவைக்கேற்ப வளரும். இழுவையை விட்டால் ஆப்பின் சொந்த மீட்சியே அதை உரித்தெடுத்துவிடும். விறைப்பு இங்கே இரண்டு வேலை செய்கிறது: படிவதைத் தடுக்கிறது, பிரிவதற்கு உதவுகிறது. மிக விறைப்பாக இருந்தால் ஆப்பு படிவதற்கு முன்பே முனை வழுக்கிவிடும். மிக மென்மையாக இருந்தால் அழுத்தத்திலேயே சாய்ந்து, இழுக்காமலே ஒட்டிக்கொள்ளும். 1 முதல் 3 மெகாபாஸ்கல் வரையுள்ள சிலிக்கோனில் தொடங்குங்கள்; மாற்றம் தேவைப்பட்டால் முதலில் ஆப்பின் தடிமனை மாற்றுங்கள். செவ்வகக் குறுக்குவெட்டில் தடிமன் மூன்றாம் அடுக்காக வேலை செய்கிறது. தடிமனைப் பாதியாக்கினால் வளைவிறைப்பு எட்டில் ஒன்றாகும். எந்த ரப்பரை மாற்றியும் இவ்வளவு எளிதில் இந்த வீச்சைப் பெற முடியாது.

ஆப்புகளை வார்க்கும் அச்சு செய்ய, ஒளியால் நுண்வடிவம் செதுக்கும் ஒளிச்செதுக்கு வசதி இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். 2013இல் அதே ஸ்டான்ஃபோர்டு குழு, நுண்வெட்டுக் கத்தியைக் கணினி இயக்கும் அரவை எந்திரத்தில் பொருத்தி, மெழுகில் சாய்வாக வெட்டி அச்சு எடுக்கும் முறையை வெளியிட்டது. கத்தியின் விளிம்பு எவ்வளவு வழவழப்பானதோ அவ்வளவு வழவழப்பாக ஆப்பின் பக்கச்சுவர் அமையும். கத்தியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படி 4: முனையை மென்மையாக்குவதில் அளவு காட்டுங்கள்

1971இல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் மூவரும் தந்த கோட்பாட்டின்படி, வழவழப்பான ஒரு கோளத்தைப் பரப்பிலிருந்து பிரிக்கும் விசையில் யங் குணகம் வருவதே இல்லை. ஆரமும் ஒட்டு ஆற்றலும் போதும். அப்படியென்றால் மென்மை ஏன் உதவுகிறது? உண்மையான பரப்புகள் வழவழப்பானவை அல்ல என்பதால். மேடுபள்ளத்துக்கேற்ப வளைய முனை மீட்சி ஆற்றலைச் செலவிடுகிறது. அந்த ஆற்றல் ஒட்டு ஆற்றலிலிருந்து கழிகிறது. ஃபுல்லரும் டேபரும் 1975இல் ரப்பரில் காட்டியது இதைத்தான்: மைக்ரோமீட்டர் அளவுச் சொரசொரப்பே ஒட்டுதலை வெகுவாகக் குறைக்கிறது, விறைப்பான ரப்பரில் வீழ்ச்சி இன்னும் விரைவு.

பல்லி இதற்கு 200 நானோமீட்டர் அகலமுள்ள தட்டை முனைகளை வைத்திருக்கிறது. அவ்வளவு மெல்லிய தகடு, பொருள் விறைப்பாக இருந்தாலும் வளையும். நம்மால் அந்த நுண்மையை எளிதில் எட்ட முடியாததால் பொருளின் மென்மையைக் கொஞ்சம் கடன் வாங்குகிறோம். கொஞ்சம் மட்டுமே. கெட்டியாக்கியைக் குறைத்துச் சிலிக்கோனை மென்மையாக்கினால், பிணையாத மூலக்கூறுகள் மேற்பரப்புக்குக் கசிந்து கண்ணாடியில் எண்ணெய்த் தடம் விடும், தூசி பிடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, இழுக்காத நிலையிலும் ஒட்டத் தொடங்கும். கண்ணாடி, தீட்டிய உலோகம், மெருகேற்றிய மரம் போன்ற பரப்புகளுக்கு வழக்கமான கலவையே போதும். சுண்ணாம்புச் சுவருக்கோ சிமென்டுக்கோ இந்த வகை ஒட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: தாங்குபடலத்தை இழுதிசையில் விறைப்பாக்குங்கள்

நன்றாக வார்த்த ஆப்புகளைப் பலர் இந்த இடத்தில் வீணாக்குகிறார்கள். ஆப்புகளையும் அவற்றைத் தாங்கும் படலத்தையும் ஒரே சிலிக்கோனில் வார்த்து, அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். படலம் நீள்கிறது, பிடித்த ஓரத்தின் அருகே உள்ள ஆப்புகள் முழுச்சுமையையும் ஏற்று வழுக்குகின்றன, மற்றவை சும்மா இருக்கின்றன.

எவ்வளவு தூரத்துக்குச் சுமை பரவும் என்பதைக் கணக்கிடலாம். படலத்தின் யங் குணகத்தையும் தடிமனையும் பெருக்கி, ஆப்பு அடுக்கின் பக்கவாட்டு விறைப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். ஆப்புகள் 40 மைக்ரோமீட்டர் பக்கவாட்டு நகர்வில் 20 கிலோபாஸ்கல் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். 2 மெகாபாஸ்கல் சிலிக்கோன் படலம் 0.3 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் விடை வெறும் 1.1 மில்லிமீட்டர். நீங்கள் 25 மில்லிமீட்டர் நீளத் துண்டு செய்திருந்தாலும் பெரும்பகுதிச் சுமையைத் தாங்குவது முதல் ஓரிரு மில்லிமீட்டரே. அதே ஆப்புகளின் பின்னால் 0.1 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் தாள் ஒட்டப்பட்டிருந்தால், அதன் யங் குணகம் சுமார் 4 கிகாபாஸ்கல் என்பதால், விடை 28 மில்லிமீட்டர். துண்டு முழுவதும் வேலைக்கு வந்துவிடும். ரப்பரை மாற்றவில்லை, அச்சை மாற்றவில்லை. ஒரு தாளைச் சேர்த்தோம், அவ்வளவுதான்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் ஆல்ஃபிரெட் கிராஸ்பி, டங்கன் இர்ஷிக் குழு 2012இல் வெளியிட்ட ஒட்டி இதற்குச் சிறந்த சான்று. அதில் நுண்முடிகளே இல்லை. விறைப்பான துணியில் மென்மையான ரப்பரை ஊட்டி, தசைநார் போன்ற ஒரு துணிப்பட்டையால் இழுத்தார்கள். சுமார் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு, கண்ணாடியில் 300 கிலோ அளவிலான பக்கவாட்டுச் சுமையைத் தாங்கியது. அவர்களுடைய விதிப்படி, தாங்குதிறன் பரப்பளவை இழுதிசை நெகிழ்வால் வகுத்ததன் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. நெகிழ்வை நான்கில் ஒரு பங்காக்கினால் தாங்குதிறன் இரட்டிப்பாகும். ஸ்டான்ஃபோர்டில் சாங்பே கிம் உருவாக்கிய ஸ்டிக்கிபாட் எந்திரப் பல்லியின் விரல்களிலும் மென்மையான பாலியூரிதேனுக்குள் துணி பதிக்கப்பட்டிருந்தது.

பாலியெஸ்டர் தாள் இழுதிசையில் விறைப்பு, வளைவதில் நெகிழ்வு. இந்த இரட்டைக் குணம்தான் வேண்டும். தாளின் பின்னால் மெல்லிய நுரைரப்பர் ஒன்றை வைத்தால் அழுத்தம் சீராகப் பரவும். ஆனால் நுரை வழியாகச் சுமையை இழுக்கக் கூடாது. இழுகயிறு நேரே தாளில் சேர வேண்டும், அதுவும் தொடுபரப்புக்கு மிக அருகில். உயரத்திலிருந்து இழுத்தால் பின்விளிம்பு தூக்கி உரியும். சிலிக்கோன் பாலியெஸ்டரோடு எளிதில் பிணையாது என்பதால், தாளைப் பிளாஸ்மாவாலோ பிணைப்பு முன்பூச்சாலோ பதப்படுத்திவிட்டு அதன்மேல் சிலிக்கோனை வார்த்துவிடுங்கள்.

படி 6: பல துண்டுகளைச் சேர்க்கும்போது சுமையைச் சமப்படுத்துங்கள்

சிறு வேலைக்கு இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். பெரிதாக்க விரும்பினால் தவிர்க்க முடியாது.

2015இல் எலியட் ஹாக்ஸ் குழுவினர், 70 கிலோ எடையுள்ள மனிதரை உள்ளங்கை அளவான ஒட்டிகளோடு செங்குத்துக் கண்ணாடியில் ஏறவைத்தார்கள். ஒரு கைக்கு 140 சதுர சென்டிமீட்டர், 24 தகடுகள். முழு எடையும் ஒரு கையில் இருக்கும்போது தகடொன்றுக்குச் சுமார் 29 நியூட்டன், அதாவது 49 கிலோபாஸ்கல். எந்தத் தகடும் மிகையாகச் சுமக்க இங்கே இடமில்லை.

மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் விறைப்புள்ள சாதாரணச் சுருள்வில்லில் ஒவ்வொரு தகட்டையும் கட்டினால், நூலின் நீளத்தில் 0.3 மில்லிமீட்டர் பிசகு 3 நியூட்டன் வேறுபாட்டைத் தரும். ஹாக்ஸ் குழு பயன்படுத்தியது நீள நீள விறைப்புக் குறையும் வில். குறிப்பிட்ட விசைக்குப் பிறகு எவ்வளவு நீண்டாலும் விசை ஏறக்குறைய மாறாது. முந்திக்கொண்டு நீண்ட தகடு மிகையாகச் சுமக்காது. அத்தகைய வில் கிடைக்காவிட்டால் மென்மையான நீண்ட சுருள்வில்லை முன்னிழுவையோடு பயன்படுத்துங்கள். பலன் குறைவு, ஆனாலும் சாதாரண முடிச்சைவிட எவ்வளவோ மேல்.

படி 7: வரம்புக்கோடு வரைந்து விறைப்பைச் சரிபாருங்கள்

ஒரே ஒரு உச்ச விசையை அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். கண்ணாடித் தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். துண்டை மெல்ல அழுத்தி, இழுதிசையில் சற்றே நகர்த்தி, பிறகு வெவ்வேறு கோணங்களில் வெளியே இழுத்துப் பிரியும் விசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பி, நூல், எடைகள், கோணமானி இருந்தால் போதும். பக்கவாட்டு விசையைக் கிடையச்சிலும் வெளிநோக்கிய விசையைக் குத்தச்சிலும் குறித்தால் பிரியும் புள்ளிகள் ஒரு கோடாக அமையும்.

அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் சென்றால் ஒட்டி சரியாக இருக்கிறது: பக்கவாட்டு இழுவை இல்லாதபோது ஒட்டவில்லை, இழுவையோடு ஒட்டுதல் ஏறுகிறது. இழுவை பூச்சியமான இடத்திலும் கோடு ஒட்டும் பக்கமாகத் தள்ளியிருந்தால் முனைகள் அளவுக்கு மீறி மென்மை, அல்லது ஆப்புகள் ஏற்கெனவே சாய்ந்து கிடக்கின்றன. கோடு ஆதியிலிருந்து தொடங்கிச் சிறிது தூரத்திலேயே தட்டையானால் ஆப்புகள் முழுதாகப் படியவில்லை, அல்லது தாங்குபடலம் நீள்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: துண்டின் நீளத்தைப் பாதியாக்கிச் சோதியுங்கள். மொத்த விசை அதிகம் குறையாவிட்டால் குற்றம் தாங்குபடலத்தில். எதிர்த்திசையில் இழுத்தும் ஒரு முறை பாருங்கள்; அங்கே ஒட்டுதல் மிகச் சிறிதாக இருக்க வேண்டும்.

ஒப்பிட ஓர் அளவு: 2009இல் பார்னஸ் குழு வெளியிட்ட ஆப்புகள் ஒரு சதுர சென்டிமீட்டரில் 17 கிலோபாஸ்கல் பக்கவாட்டுச் சுமையைத் தாங்கியபடியே 5.1 கிலோபாஸ்கல் வெளிநோக்கிய இழுவையையும் தாங்கின.

படி 8: காலம், வெப்பம், ஈரப்பதம்

விறைப்பு வார்த்த நாளோடு நின்றுவிடுவதில்லை. பல்லியின் கெரட்டினே ஈரக்காற்றில் மென்மையாகிறது. ஈரப்பதம் கூடும்போது பல்லியின் ஒட்டுதல் கூடுவதற்கு இந்த மென்மையே காரணம் என்று 2010இல் ஆட்டம் குழு காட்டியது. சிலிக்கோன் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. உறைநிலைக்குச் சற்றுக் கீழேயும் கொதிநிலை அருகேயும் அதன் விறைப்பு பெரிதாக மாறாது. விண்வெளியில் பொருள்களைப் பிடிக்கும் கருவிகளுக்குச் சிலிக்கோன் ஆப்புகளை நாசாவின் ஜெட் உந்து ஆய்வகம் நாடியதில் வியப்பில்லை. பாலியூரிதேன் கிழியாமல் அதிகம் உழைக்கும். ஆனால் ஈரமும் வெப்பமும் அதை மாற்றிவிடும், வேகமாக இழுத்தால் விறைத்துக்கொள்ளும். சென்னையின் ஐப்பசியிலும் பங்குனியிலும் ஒரே அளவைத் தர வேண்டிய கருவிக்கு நான் சிலிக்கோனையே எடுப்பேன்.

ஆயுள் சோதனைக்கு ஒட்டிப் பிரிக்கும் சுழற்சியை ஒரு சிறு மோட்டாரிடம் விட்டுவிடுங்கள். பார்னஸ் குழுவின் ஆப்புகள் 30,000 சுழற்சிக்குப் பிறகு, துடைக்காமலே, தொடக்க ஒட்டுதலில் 67 விழுக்காட்டை வைத்திருந்தன. உங்கள் துண்டில் விசை இறங்கினால் முதலில் ஒட்டுநாடாவால் தூசியை எடுத்துவிட்டு மீண்டும் அளங்கள். விசை திரும்பினால் தூசிதான் காரணம். திரும்பாவிட்டால் நுண்ணோக்கியில் முனைகளைப் பாருங்கள்: மழுங்கியிருந்தால் தேய்மானம், ஒருபக்கம் சாய்ந்தே கிடந்தால் மீட்சியிழப்பு. இரண்டுமில்லாமல் வரம்புக்கோடு மட்டும் தட்டையாகியிருந்தால் இரண்டாம் படியில் வார்த்த பட்டையை எடுத்து மறுபடி எடை தொங்கவிடுங்கள். அறைவெப்பத்தில் கெட்டிப்படுத்திய சிலிக்கோன் வாரக்கணக்கில் தொடர்ந்து விறைத்துக்கொண்டே போகும். அதைத் தவிர்க்க, வார்த்த மறுநாளே துண்டையும் பட்டையையும் சேர்த்து 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வையுங்கள்; மெழுகு அச்சாக இருந்தால் துண்டை அச்சிலிருந்து உரித்தபிறகு வையுங்கள். கலவை விகிதம், கெட்டிப்படுத்திய வெப்பம், நேரம், தேதி நான்கையும் துண்டின் பின்புறத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.